ஆயுள் தடை வாங்கியவர் ஆர்சனலை உருவாக்கியது எப்படி? - ஹெர்பர்ட் சாப்மேன் கதை

லண்டன் சுரங்க ரயில்ல பிக்கடில்லி லைன் பிடிச்சுப் போனா, 'ஆர்சனல்'னு ஒரு ஸ்டேஷன் வரும். ஒரு கால்பந்து கிளப்பின் பெயரை நேரடியாகத் தாங்கி நிற்கும் ஒரே சுரங்க ரயில் நிலையம் அதுதான். 1932 வரை அதன் பெயர் கில்லெஸ்பி ரோடு. ரயில்வே நிர்வாகத்திடம் பேசிப் பேசியே அந்தப் பெயரை மாற்ற வைத்தவர், அப்போது ஆர்சனல் கிளப்பின் மேனேஜராக இருந்த ஹெர்பர்ட் சாப்மேன்.

இதில் ஆச்சரியம் என்னன்னா, அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு இதே மனிதருக்கு கால்பந்தில் ஆயுள் தடை விதிக்கப்பட்டிருந்தது. அவர் வேலை பார்த்த கிளப்பே இழுத்து மூடப்பட்டது. சாப்மேன் ஒரு எண்ணெய் ஆலையில் வேலைக்குப் போனார். பிறகு அந்த வேலையும் போனது.

அங்கிருந்து எழுந்து வந்து இரண்டு கிளப்களை இங்கிலாந்து சாம்பியன் ஆக்கினார். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இன்னிக்கு நாம 'மேனேஜர்'னு சொல்ற வேலைக்கு ஒரு வடிவம் கொடுத்ததில் இவருக்குப் பெரிய பங்கு இருக்கு. யார் இந்த சாப்மேன்? என்ன செய்தார்? அவர் கட்டிய கிளப்கள் இப்போ எந்த நிலைமையில் இருக்கின்றன? பார்க்கலாம்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

1878 ஜனவரி 19. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் கிவிட்டன் பார்க் என்ற நிலக்கரிச் சுரங்க கிராமத்தில் பிறந்தார் சாப்மேன். அப்பா சுரங்கத் தொழிலாளி. மகனும் சுரங்கத்துக்குள்தான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால், படிப்பு அவரைக் காப்பாற்றியது. ஷெஃபீல்டில் சுரங்கப் பொறியியல் படித்தார்.

கால்பந்தும் ஆடினார். ஆனால் நட்சத்திர வீரர் எல்லாம் இல்ல. ஸ்டேலிபிரிட்ஜ், ராச்டேல், கிரிம்ஸ்பி, ஸ்விண்டன், ஷெஃபீல்ட் யுனைடெட், நாட்ஸ் கவுன்ட்டி, டாட்டன்ஹாம் என கிளப் கிளப்பாகச் சுற்றினார். மஞ்சள் நிற பூட்ஸ் போட்டு ஆடுவார் என்பதுதான் அவருடைய ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்பட்ட விஷயம். வீட்டில் நிஜமான ஆட்டக்காரர் என்றால் அது அவருடைய தம்பி ஹாரி சாப்மேன். ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணியில் ஆடி இரண்டு லீக் பட்டங்களும் 1907 எஃப்.ஏ. கோப்பையும் வென்றவர் ஹாரி.

அந்த 1907-ம் ஆண்டில் ஹெர்பர்ட் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பொறியாளர் வேலைக்கே திரும்பிவிடும் யோசனையில் இருந்தார். அப்போது டாட்டன்ஹாமில் சக வீரராக இருந்த வால்டர் புல்லுக்கு நார்த்தாம்ப்டன் டவுன் கிளப்பில் இருந்து மேனேஜர் வேலைக்கு அழைப்பு வந்தது. வால்டருக்குப் போக மனசில்லை. ஹெர்பர்ட்டைக் கேட்டுப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டார். தற்செயலாக வந்த வாய்ப்பு அது. சதர்ன் லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த நார்த்தாம்ப்டன், 1908-09 சீசனில் அதே லீக்கின் சாம்பியன் ஆனது.

அப்போ மேனேஜர்னா யாரு?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். அந்தக் காலத்தில் பெரும்பாலான கிளப்களில் மேனேஜர் என்பவர் கிட்டத்தட்ட ஒரு அலுவலகச் செயலாளர் மாதிரி. ரயில் டிக்கெட் போடுவது, கடிதம் எழுதுவது, சம்பளக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அணியில் யார் ஆட வேண்டும் என்பதை கிளப்பின் இயக்குநர்கள் கூடி முடிவு செய்வார்கள். மைதானத்துக்குள் எப்படி ஆடுவது என்பது வீரர்கள் பாடு.

சாப்மேன் இந்த முறையை ஏற்கவில்லை. யார் ஆடணும், எப்படி ஆடணும், யாரை வாங்கணும், யாரை விக்கணும் என எல்லாமே ஒருவர் கையில் இருக்க வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும் அவரே பொறுப்பு என்ற இடத்துக்கு அந்த வேலையைக் கொண்டுவந்தார். போட்டிக்கு முன்பு வீரர்களை உட்கார வைத்துத் திட்டத்தைப் பேசுவது, அவர்கள் கருத்தையும் கேட்பது ஆகியவை அவருடைய பழக்கமாக இருந்தன.

லீட்ஸ் சிட்டி: மூடப்பட்ட கிளப்

1912-ல் லீட்ஸ் சிட்டி கிளப்புக்குப் போனார். இரண்டாம் டிவிஷனில் அடிமட்டத்தில் இருந்த அந்த அணியை 1913-14 சீசனில் 4-வது இடத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்து முதல் டிவிஷன்தான் என்று இருந்த நேரத்தில் முதல் உலகப் போர் வந்துவிட்டது.

போர்க்காலத்தில் வழக்கமான லீக் நிறுத்தப்பட்டது. உள்ளூர்ப் போட்டிகள் மட்டும் நடந்தன. வேறு கிளப் வீரர்கள் விருந்தினர்களாக வந்து ஆடலாம். ஆனால் சம்பளம் தரக் கூடாது, செலவுக்காசு மட்டும்தான் என்பது விதி. 1916-ல் சாப்மேன் லீட்ஸ் அருகே பார்ன்போ என்ற இடத்தில் இருந்த வெடிகுண்டுத் தொழிற்சாலையின் நிர்வாக வேலைக்குப் போய்விட்டார். கிளப் வேலையை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்.

போர் முடிந்ததும் புகார் வெடித்தது. விருந்தினர் வீரர்களுக்கு லீட்ஸ் சிட்டி விதியை மீறிப் பணம் கொடுத்தது என்று அந்த அணியின் முன்னாள் வீரர் ஒருவர் 1919-ல் போட்டுக்கொடுத்தார். கணக்குப் புத்தகங்களைக் கொண்டு வாருங்கள் என்றது விசாரணைக் குழு. கிளப் மறுத்துவிட்டது.

விளைவு பயங்கரமாக இருந்தது. சீசனில் 8 போட்டிகள் மட்டுமே முடிந்திருந்த நிலையில், 1919 அக்டோபரில் லீட்ஸ் சிட்டியை லீக்கில் இருந்து தூக்கினார்கள். அக்டோபர் 17 அன்று லீட்ஸ் நகரின் மெட்ரோபோல் ஹோட்டலில் வீரர்கள் ஏலம் விடப்பட்டார்கள். ஏலம்னா நிஜமாவே ஏலம். மற்ற கிளப்களின் பிரதிநிதிகள் வந்து விலை பேசி வாங்கிப் போனார்கள். சாப்மேன் உட்பட கிளப் நிர்வாகிகளுக்கு ஆயுள் தடை விதிக்கப்பட்டது.

சாப்மேன் 1918 இறுதியிலேயே கிளப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, செல்பி என்ற ஊரில் எண்ணெய் ஆலை வேலைக்குப் போயிருந்தார். 1920 இறுதியில் அங்கும் ஆட்குறைப்பு. 42 வயதில் வேலையும் இல்லை, தெரிந்த தொழிலுக்குள் திரும்பவும் அனுமதி இல்லை.

கைகொடுத்த ஹடர்ஸ்ஃபீல்ட்

அந்த நேரத்தில் கதவைத் திறந்தது ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன். லீட்ஸுக்குப் பக்கத்து ஊர். 1908-ல்தான் தொடங்கப்பட்ட சின்ன கிளப். அதுவே சாவில் இருந்து தப்பி வந்த கிளப் என்பதுதான் இதில் விசேஷம். 1919-ல் கூட்டம் வராமல் நஷ்டத்தில் தள்ளாடிய கிளப்பை அப்படியே லீட்ஸ் நகருக்கு மாற்றிவிட அதன் தலைவர் ஹில்டன் க்ரவுதர் முயன்றார். லீட்ஸ் சிட்டி மூடப்பட்டதால் அங்கே ஒரு பெரிய மைதானம் காலியாகக் கிடந்தது அல்லவா, அதுதான் காரணம். ஊர் மக்கள் கொதித்தெழுந்து, பணம் திரட்டி, கிளப்பை ஊரிலேயே நிறுத்தினார்கள். க்ரவுதர் கிளம்பிப் போய், புதிதாகத் தொடங்கப்பட்ட லீட்ஸ் யுனைடெட்டில் சேர்ந்துகொண்டார்.

ஹடர்ஸ்ஃபீல்டின் மேனேஜர் ஆம்ப்ரோஸ் லாங்லி, சாப்மேனின் தம்பி ஹாரியோடு ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணியில் ஆடியவர். ஹாரி 1916-லேயே காசநோயால் இறந்துவிட்டார். அந்தப் பழைய பழக்கம் இப்போது அண்ணனுக்கு உதவியது. ஹடர்ஸ்ஃபீல்ட் ஆதரவோடு சாப்மேன் மேல்முறையீடு செய்தார். முறைகேடு நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அவர் வெடிகுண்டுத் தொழிற்சாலையில் இருந்தார் என்ற வாதம் எடுபட்டது. தடை நீங்கியது.

அவர் உண்மையிலேயே அப்பாவியா? உறுதியாகச் சொல்ல வழியே இல்லை. அந்தக் கணக்குப் புத்தகங்களை விசாரணைக் குழு கடைசிவரை பார்க்கவே இல்லை.

0.024 கோலில் வந்த பட்டம்

1921 பிப்ரவரியில் உதவியாளராக வந்தவர், மார்ச்சில் மேனேஜர் ஆனார். ஆஸ்டன் வில்லாவில் இருந்து கிளெம் ஸ்டீஃபன்சன் என்ற அனுபவசாலியை வாங்கி அணியின் மூளையாக வைத்தார். முதல் அணி எப்படி ஆடுதோ அதே பாணியில்தான் இரண்டாம் அணியும் மூன்றாம் அணியும் ஆடணும் என்பது அவர் போட்ட ஒழுங்கு. யாருக்காவது அடிபட்டால் கீழ் அணியில் இருந்து வருபவர் அந்த இடத்தில் அப்படியே பொருந்திவிடுவார். இன்றைய பெரிய கிளப்கள் தங்கள் அகாடமிகளில் கடைப்பிடிக்கும் சூத்திரமும் இதுதான்.

1922-ல் பிரஸ்டன் அணியை 1-0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பை. 1923-24-ல் லீக் பட்டம். அந்தப் பட்டம் வந்த கதை சுவாரஸ்யமானது. ஹடர்ஸ்ஃபீல்டும் கார்டிஃப் சிட்டியும் தலா 57 புள்ளிகள். அப்போது கோல் சராசரி பார்ப்பார்கள். அதாவது, அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்க வேண்டும். ஹடர்ஸ்ஃபீல்ட் 60 அடித்து 33 வாங்கியிருந்தது. கார்டிஃப் 61 அடித்து 34 வாங்கியிருந்தது. வெறும் 0.024 வித்தியாசத்தில் பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு. இன்றைய கோல் வித்தியாச முறையில் இருவருக்கும் 27 வரும். அதிக கோல் அடித்தவர் என்ற கணக்கில் கோப்பை கார்டிஃபுக்குப் போயிருக்கும்!

1924-25-ல் மீண்டும் பட்டம். அந்த சீசன் முழுக்க எந்த ஒரு போட்டியிலும் ஹடர்ஸ்ஃபீல்ட் 2 கோலுக்கு மேல் வாங்கவில்லை.

7-0 தோல்வியும் புது வியூகமும்

1925-ல் ஆர்சனல் தலைவர் சர் ஹென்றி நோரிஸ் பத்திரிகையில் மேனேஜர் தேவை என்று விளம்பரம் கொடுத்தார். வீரர்களை வாங்கப் பெரும்பணம் கேட்பவர்கள் விண்ணப்பிக்கவே வேண்டாம் என்பது அதன் சாரம். வந்து சேர்ந்ததோ சாப்மேன், ஆண்டுக்கு 2,000 பவுண்டு சம்பளத்தில். ஆர்சனல் அப்போது 22 அணிகளில் 20-வது இடத்தில் முடித்திருந்த கிளப். இதுவரை ஒரு பெரிய கோப்பைகூட ஜெயித்ததில்லை.

அதே ஆண்டு ஆஃப்சைடு விதி மாறியது. முன்னால் நிற்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் 3 பேர் இருக்க வேண்டும் என்பது 2 பேராகக் குறைந்தது. கோல்கள் கொட்டத் தொடங்கின. அக்டோபர் 3 அன்று நியூகாசிலிடம் ஆர்சனல் 7-0 என உதை வாங்கியது.

அணித்தலைவர் சார்லி பக்கன் ஒரு யோசனையை வலியுறுத்தினார். நடுக்களத்தில் இருக்கும் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து மூன்றாவது டிஃபண்டராக நிறுத்துவது. இந்த யோசனை அந்த நேரத்தில் வேறு சில அணிகளிடமும் இருந்தது. சாப்மேன் செய்தது, அதை முழுமையான அமைப்பாக மாற்றியது. பின்னால் 3 பேர், நடுவில் 2+2, முன்னால் 3 பேர். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகளான டபிள்யூ, எம் போலத் தெரியும். அதனால் 'டபிள்யூ-எம்' என்று பெயர். எதிரணியை உள்ளே வரவிட்டு, பந்தைப் பறித்து, ஒரே நீண்ட பாஸில் விங்கர்களுக்கு அனுப்பி கோல் அடிப்பது. கவுன்ட்டர் அட்டாக்னு இப்போ நாம சொல்றதேதான். சில ஆண்டுகளில் உலகின் பல நாடுகள் இந்த வியூகத்தை எடுத்துக்கொண்டன.

அந்த சீசனில் ஆர்சனல் 2-வது இடம். சாம்பியன் யார்? சாப்மேன் விட்டுவந்த ஹடர்ஸ்ஃபீல்ட்! இங்கிலாந்தில் தொடர்ந்து மூன்று முறை லீக் வென்ற முதல் கிளப் என்ற பெருமை அவர் இல்லாத ஆண்டில் அந்த அணிக்குக் கிடைத்தது.

ஐந்து ஆண்டுக் காத்திருப்பு

ஆர்சனலில் உடனே மாயாஜாலம் எதுவும் நடந்துவிடவில்லை. 1927 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கார்டிஃபிடம் 1-0 தோல்வி. 0.024 கோலில் பட்டத்தை இழந்த அதே கார்டிஃப். இடையே கிளப்பின் பண விவகாரங்களில் மீண்டும் விசாரணை வந்தது. சிக்கியவர் நோரிஸ், கால்பந்தை விட்டே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. இந்த முறை சாப்மேனுக்குத் தண்டனை எதுவும் இல்லை. அதன் பிறகு கிளப்பில் அவர் வைத்ததே சட்டம்.

பணத்தை இறைத்தார். 1928-ல் டேவிட் ஜாக்கை 10,000 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார். அது அப்போதைய சாதனை விலை. 1929-ல் அலெக்ஸ் ஜேம்ஸ் வந்தார். எக்ஸிட்டரில் இருந்து கிளிஃப் பாஸ்டின் என்ற 17 வயதுப் பையனைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்.

1930 ஏப்ரல் 26. வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி. ஒரு பக்கம் ஆர்சனல், மறுபக்கம் ஹடர்ஸ்ஃபீல்ட். இரண்டுமே சாப்மேன் கட்டிய அணிகள். அவருக்கு மரியாதையாக இரு அணிகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து மைதானத்துக்குள் வந்தன. இப்போது வழக்கமாகிவிட்ட அந்தக் காட்சி, கோப்பை இறுதியில் முதல்முறையாக நடந்தது அன்றுதான். ஆர்சனல் 2-0 என வென்றது. அந்த கிளப்பின் முதல் பெரிய கோப்பை அது. 1930-31-ல் 127 கோல்கள் அடித்து முதல் லீக் பட்டம். 1932-33-ல் மீண்டும் பட்டம்.

ரசிகர்கள் வந்து பார்க்கும் அனுபவத்தையும் அவர் யோசித்தார். 1928-லேயே வீரர்களின் சட்டையில் எண் போட்டுப் பார்த்தார். இங்கிலாந்து லீக் அதைக் கட்டாயமாக்கியது 1939-ல்தான். சிவப்புச் சட்டைக்கு வெள்ளைக் கை வைத்தார். ஆர்சனல் ஜெர்சியின் அடையாளமே இன்று அதுதான். மைதானத்தில் மின்விளக்குகள் பொருத்தினார். அதிகாரபூர்வப் போட்டிக்கு அனுமதி கிடைக்காததால் பயிற்சிக்கு மட்டுமே பயன்பட்டன. லீக் போட்டிகள் மின்னொளியில் நடக்க 1956 வரை ஆனது. ஆஸ்திரிய கோல்கீப்பர் ரூடி ஹிடெனை வாங்க முயன்றார். வெளிநாட்டவர் என்று அரசு அனுமதி மறுத்தது.

அவருக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1933 ஜனவரியில் மூன்றாம் டிவிஷன் அணியான வால்சாலிடம் ஆர்சனல் 2-0 எனத் தோற்றது. அந்தப் போட்டியில் தவறு செய்து பெனால்ட்டி கொடுத்த டாமி பிளாக் என்ற இளம் வீரர், சில நாட்களிலேயே பிளைமவுத் கிளப்புக்கு விற்கப்பட்டார். மன்னிப்பு, இரண்டாவது வாய்ப்பு எல்லாம் கிடையாது. ஒரு இரண்டாவது வாய்ப்பால் மட்டுமே மீண்டு வந்தவர் எடுத்த முடிவு இது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஓய்வெடுக்காத கடைசி வாரம்

1934 புத்தாண்டு. ஆர்சனல் லீக் பட்டியலில் முதலிடம். சாப்மேன் ஜனவரி 1 அன்று பரி நகருக்குப் போய் ஒரு போட்டி பார்த்தார். மறுநாள் ஷெஃபீல்டில், தன் அணி அடுத்து மோதவிருந்த ஷெஃபீல்ட் வென்ஸ்டேவின் ஆட்டத்தைக் கவனித்தார். சளி பிடித்தது. அதோடு லண்டன் திரும்பியவர், ஓய்வெடுக்காமல் கில்ட்ஃபோர்டில் தன் மூன்றாம் அணி ஆடுவதைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சளி நிமோனியாவாக மாறியது. பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம். ஜனவரி 6 அதிகாலை இறந்துபோனார். வயது 55. அன்றைக்கே ஆர்சனலுக்குப் போட்டி இருந்தது. ஷெஃபீல்ட் வென்ஸ்டேவுடன் ஆடி 1-1 என டிரா செய்தார்கள்.

அந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் ஆர்சனலே சாம்பியன். தொடர்ந்து மூன்று பட்டங்கள். ஹடர்ஸ்ஃபீல்டில் நடந்ததுபோலவே இங்கேயும் அவர் தொடங்கியதை அவர் இல்லாமலே முடித்தார்கள். 1934 நவம்பரில் இத்தாலியுடன் இங்கிலாந்து மோதியபோது, களமிறங்கிய 11 பேரில் 7 பேர் ஆர்சனல் வீரர்கள்.

அந்த கிளப்கள் இப்போ எங்கே?

*ஆர்சனல்:* எஃப்.ஏ. கோப்பையை 14 முறை வென்ற கிளப். 2003-04-ல் ஒரு தோல்விகூட இல்லாமல் லீக் ஜெயித்தது. அதன் பிறகு லீக் பட்டத்தில் நீண்ட வறட்சி. 2019 டிசம்பரில் மிகெல் ஆர்டெட்டா பொறுப்பேற்று, 2020-ல் எஃப்.ஏ. கோப்பை வென்றார். 2022-23, 2023-24, 2024-25 என மூன்று சீசன்களிலும் லீக்கில் 2-வது இடம்.

*ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன்:* 1926-க்குப் பிறகு லீக் பட்டமே இல்லை. 1975-ல் நான்காம் டிவிஷன் வரை சரிந்தது. 2003-ல் கடனில் மூழ்கி திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. 2017-ல் பிரீமியர் லீக்குக்கு ஏறி ஆச்சரியப்படுத்தியது. 2018-19-ல் 16 புள்ளிகளோடு கடைசி இடம் பிடித்து இறங்கியது. 2022-ல் மீண்டும் மேலே போக இருந்த வாய்ப்பு, பிளே-ஆஃப் இறுதியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடம் 1-0 எனத் தோற்றதில் போனது. 2024-ல் மூன்றாம் நிலையான லீக் ஒன்னுக்கு இறங்கி, 2024-25-ல் 10-வது இடத்தில் முடித்தது. அந்த சீசனில் அதே லீக் ஒன்னில் ஆடிய இன்னொரு அணி, சாப்மேனின் முதல் கிளப்பான நார்த்தாம்ப்டன்.

*லீட்ஸ்:* லீட்ஸ் சிட்டி திரும்பி வரவே இல்லை. அதன் எலன்ட் ரோடு மைதானத்தில் இன்று ஆடுவது லீட்ஸ் யுனைடெட். 2024-25 சாம்பியன்ஷிப்பை 100 புள்ளிகளோடு வென்று பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது.

ஒரு நல்ல மேனேஜர் உருவாக்கும் அமைப்பு அவர் போன பிறகும் சில ஆண்டுகள் ஓடும். சாப்மேனின் இரண்டு கிளப்களும் அதைக் காட்டின. ஆனால் நூறு ஆண்டுகள் ஓடாது. அதற்குப் பெரிய நகரமும், பணமும், அடுத்தடுத்து சரியான ஆட்களும் வேண்டும். லண்டன் கிளப்புக்கு அது கிடைத்தது. யார்க்‌ஷயரின் நெசவாலை ஊருக்குக் கிடைக்கவில்லை.

2011 டிசம்பரில் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே ஆர்சனல் சாப்மேனுக்கு வெண்கலச் சிலை வைத்தது. மைதானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அவர் அங்கே நிற்பதற்குக் காரணம், 1921-ல் யாரும் வேலை தராத ஒரு மனிதருக்காக ஹடர்ஸ்ஃபீல்ட் போய் வாதாடியதுதான்.